சான்றிதழில் அடித்துத் திருத்திய ஒரு சொல்

இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் அ. லலிதா பற்றிய கட்டுரை அருமை. 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தார், சரி, ஆனால் ஏன் மருத்துவம் எடுக்கவில்லை என்பதையும் எழுதியிருக்கலாம். டாக்டர் என்றால் ராத்திரியில் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும், அது வேண்டாம் என்றுதான் இந்தப் பக்கம் வந்தாராம். அப்பா அங்கே பேராசிரியர், அது பெரிய பலம்தான் (அதற்காகப் பரீட்சையை அவரா எழுதினார்?). 1943 பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்த சொல்லை அடித்துவிட்டு, பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள் என்று படித்ததிலிருந்து அந்தக் கோடுதான் கண்ணிலேயே நிற்கிறது. அப்புறம் பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்தல் வேலை, 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு. இதையெல்லாம் ஒரே பத்தியில் முடித்துவிட்டீர்களே!