213வது நோ கேரியர்

ஒரே ஒரு செய்தி. மிஞ்சிப் போனால் முப்பது வரி இருக்கும். அதைத் தேடப் போய் நேற்று ராத்திரி ஒன்றரை மணி நேரம் போச்சு, தூக்கம் போச்சு, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி வேறு. பி.பி.எஸ்ஸில், அதாவது மோடம் என்கிற பெட்டியால் கணினியிலிருந்து போன் போட்டு உள்ளே போய்ச் செய்தி படிக்கிற, எழுதுகிற போர்டில், பழைய செய்தி தேடி வயிறெரிந்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு உட்கார்ந்து விளக்குகிற நிலையில் நான் இல்லை.

அப்படி என்னத்தைத் தேடினேன் என்று கேளுங்கள். பாதியில் லைன் அறுந்து போகாமல் இருக்க மோடத்தில் என்ன செட்டிங் வைக்க வேண்டும் என்பதை. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், போகப் போக இன்னும் இருக்கிறது.

எஸ்10 என்று மோடத்துக்குள் ஒரு ரிஜிஸ்டர், அதாவது ஒரு செட்டிங்கின் எண்ணை வைக்கிற இடம், இருப்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும். எதிர்முனையின் சத்தம் காதில் விழாமல் போனால் மோடம் எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கும் என்பது அதில்தான் இருக்கிறது. என் மோடத்தில் வாங்கின நாளிலிருந்து 14, அதாவது 1.4 வினாடி. அதற்கு மேல் ஒரு நொடி பொறுக்காது, போனை வைத்துவிட்டுப் போய்விடும். செம்புக் கம்பி காலத்தில் அது போதுமாக இருந்திருக்கலாம். இப்போது வீட்டு போன் என்பது பேருக்குத்தான், உள்ளே குரலைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி இணையம் வழியாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வழியில் நாலு பொட்டலம் தொலைந்தால் பேசுகிற மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. மோடத்துக்குத் தெரியும், அந்த இடத்திலேயே முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் வினாடிக்கு 2400 பிட் வேகத்துக்கு மேல் ஏறப் பயந்துகொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதிலும் கால் வெயிட்டிங் 'பீப்' ஒன்று குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம்.

என்னிடம் இருக்கிற அதே மாடலுக்கு எஸ்10இல் என்ன எண் கொடுக்க வேண்டும், கூடவே வேறெதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒரு புண்ணியவான் அந்த போர்டில் விலாவாரியாக எழுதியிருந்தார். போன மாதம் படித்தேன். மறந்துவிடக் கூடாதே என்று எண்ணைக் காகிதத்தில் குறித்தும் வைத்தேன். அவர் சொன்ன எண்ணை இல்லை, அவருடைய செய்தி எண்ணை. 4127. அவ்வளவு சமர்த்து நான்.

நேற்று உள்ளே போய் 4127 என்று அடித்தால் யாரோ ஒருவர் பழைய மானிட்டர் விற்றுக்கொண்டிருக்கிறார். விஷயம் என்னவென்றால், நடுவில் சிசாப், அதாவது போர்டை நடத்துகிறவர், செய்திக் கோப்பைச் சுத்தம் செய்திருக்கிறார். பழசில் கொஞ்சத்தைக் கழித்துக்கட்டிவிட்டு மிச்சத்துக்கு 1லிருந்து மறுபடி எண் போட்டு அடுக்கியாகிவிட்டது. டிஸ்கில் இடம் மிச்சமாம். மகராசன், அவருக்கு இடம் மிச்சம், எனக்கு ஆயுள் செலவு. அதோடாவது விட்டதா? 4127க்கு நான் தாவின உடனே 'கடைசியாகப் படித்தது' என்கிற குறியும் என் பின்னாலேயே ஓடிவந்து அங்கே உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன்னால் படிக்காமல் கிடந்த முந்நூறு சொச்சம் செய்திகளும் நான் படித்த கணக்கில் சேர்ந்துவிட்டன. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவனை விருந்து சாப்பிட்டுவிட்டான் என்று எழுதிக்கொள்கிற கணக்குப்பிள்ளை எங்காவது உண்டா? இங்கே உண்டு.

சரி, தலைப்பை வைத்துப் பிடிக்கலாம் என்று குயிக் ஸ்கேன் போட்டேன். எண், எழுதியவர், யாருக்கு, தலைப்பு என்று வரிசையாக வரும், பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். தலைப்புக்கு 25 எழுத்துதான் இடம், அதற்கு மேல் கத்தரி. அந்த 25லும் முதலில் ஒரு 'ரீ:' வந்து உட்கார்ந்துகொள்ளும். மிச்சத்தில் மனிதர்கள் எழுதுகிற தலைப்பு என்ன தெரியுமா? 'ஒரு சின்ன சந்தேகம்'. 'உதவி தேவை'. 'கேபிள்'. இதில் கேபிள் என்று ஆரம்பித்த பேச்சு பிரிண்டருக்குப் போய், அங்கிருந்து யாரோ வீட்டுப் பூனைக்குப் போய், அப்புறம் மூட்டு வலிக்குப் போய் இறங்கியிருக்கிறது, தலைப்பு மட்டும் 'ரீ: கேபிள்' என்றே இருக்கிறது. ஒருத்தருக்குமா அதை மாற்றத் தோன்றவில்லை?

ஆக, எழுத்துத் தேடல்தான் கதி. முதலில் எஸ்10 என்று கொடுத்தேன். போர்டு ஒவ்வொரு செய்தியாகத் திறந்து பார்த்து, டிஸ்கை உருட்டி, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, இல்லை என்று சொன்னது. எனக்கு அடித்துச் சொல்லத் தெரியும், அந்த மனிதர் எஸ்சுக்கும் 10க்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டிருப்பார். ஒரே ஒரு இடைவெளி. இந்தத் தேடலுக்கு அது கடல்.

அப்புறம்தான் 'கேரியர்' என்று கொடுத்தேன். இதுதான் நான் செய்த பாவம்.

அந்த போர்டில் ஒருவர் இருக்கிறார். எல்லா போர்டிலும் ஒருவர் இருப்பார், உங்களுக்கும் தெரிந்திருக்கும். எதை எழுதினாலும் கடைசி வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, நாலு குப்பை எழுத்தைத் தூவி, லைன் அறுந்தால் மோடம் காட்டுகிற 'நோ கேரியர்' என்ற வரியைக் கீழே போட்டுவிடுவார். லைன் அறுந்துவிட்டதாம். நகைச்சுவையாம். லைன் உண்மையிலேயே அறுந்திருந்தால் அந்தச் செய்தி எப்படி ஐயா போர்டில் பதிந்தது? போகட்டும், முதல் தடவை நானும் சிரித்தேன். ஆனால் இவர் அதைத் தன் டேக்லைனாகவே வைத்துக்கொண்டு, நன்றி சொன்னாலும் நோ கேரியர், வாழ்த்துச் சொன்னாலும் நோ கேரியர், ஒருவர் தன் நாய் செத்துப்போனது பற்றி எழுதியதற்கு அனுதாபம் சொன்ன இடத்திலும் நோ கேரியர்.

கேரியர் என்று தேடினால் என்ன வரும்? அவர் வருவார். வந்துகொண்டே இருப்பார். அவர் ஓய்ந்தால் அவருக்குப் பதில் எழுதியவர்கள் வருவார்கள், ஏனென்றால் பதில் எழுதுகிற புண்ணியாத்மாக்கள் முந்தின செய்தியில் ஒரு எழுத்தையும் வெட்டாமல், வரிக்கு வரி அம்புக்குறி போட்டு முழுசாக மேற்கோள் காட்டிவிட்டு, அடியில் 'நானும் அதையே நினைத்தேன்' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். மேற்கோளுக்குள் மேற்கோள், அதற்குள் ஒரு நோ கேரியர். இவர்களில் ஒருவராவது டெலிட் பட்டனைப் பார்த்ததுண்டா?

2400இல் வினாடிக்கு 240 எழுத்து வரும். 80க்கு 24 என்று ஒரு திரை நிறைய எட்டு வினாடி. எட்டு வினாடிதானே என்பீர்கள். எழுத்து ஒவ்வொன்றாக ஓடிவந்து வரி நிரம்பி, அடுத்த வரி நிரம்பி, கடைசியில் 'தொடரவா?' என்று கேட்கும். ஆம் என்றால் மிச்சம் வரும், 'என்' (N) எழுத்தை அடித்தால் அடுத்த செய்திக்குப் போகும். பார்த்தேன், அவர். என். எட்டு வினாடி. அவருக்குப் பதில். என். எட்டு வினாடி. மறுபடி அவர். ஒரு கட்டத்தில் நான் படிக்கிறதை விட்டுவிட்டேன், கண் ஜன்னல் பக்கம் இருக்கிறது, விரல் தன்பாட்டுக்கு என், என், என் என்று மாவு இடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறது.

எத்தனை தடவை என்று இன்று காலை, திரையில் வந்ததையெல்லாம் சேமித்து வைக்கிற கேப்சர் கோப்பில் எண்ணிப் பார்த்தேன். 212. எட்டால் பெருக்கிப் பாருங்கள், 28 நிமிடத்துக்கு மேல். ஒரு நாளைக்கு சிசாப் கொடுக்கிற கெடுவே 60 நிமிடம். அதில் பாதி ஒருத்தருடைய ஜோக்குக்கு.

213வது வந்தது அவருடையது இல்லை. மேலே பெயரைப் பார்க்கிறேன், என் புண்ணியவான்! என் 4127! அவரும் முந்தின செய்தியை முழுசாக மேற்கோள் காட்டியிருக்கிறார், ஆனால் பரவாயில்லை, தெய்வமே, நீங்கள் எதையும் மேற்கோள் காட்டலாம். திரை நிரம்புகிறது, மேற்கோள் முடிகிறது, கடைசி வரியில் 'நான் பரிசோதித்த வரை சரியாக வேலை செய்வது இதுதான்:' என்று வருகிறது, கீழே 'தொடரவா?' என்று கேட்கிறது.

விரல் என் அடித்துவிட்டது.

நான் அடிக்கவில்லை. விரல் அடித்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்ததாக அவர் வந்தார், நோ கேரியரோடு. அலறிக்கொண்டு பின்னால் போகிற கட்டளையை அடித்தேன். போர்டு யோசித்தது. முதல் வரி வர ஆரம்பித்தது. அனுப்புநர் பெயர் வந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டு லைனுக்கு எவனோ போன் போட்டிருக்கிறான். கால் வெயிட்டிங்கை நிறுத்திவிட்டு டயல் பண்ணுவதற்கு ஒரு எண் இருக்கிறது, அதைப் போடாதது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். திரையில் நாலு குப்பை எழுத்து விழுந்தது. மோடம் 1.4 வினாடி பொறுத்துப் பார்த்தது. அப்புறம் திரையில் தனி வரியில் வந்தது பாருங்கள்.

நோ கேரியர்.

இது மட்டும் அசல்.

உடனே மறுபடி டயல் செய்தால் பிஸி. ஒரே லைன் போர்டு, எனக்குப் பின்னால் ஒருவர் அதற்காகவே காத்திருந்து நுழைந்துவிட்டார். அவருக்கும் 60 நிமிடம். எனக்கு மிச்சம் 9. நாற்பது நிமிடம் மோடத்தை ரீடயலில் விட்டு அந்த 'பே பே' சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செய்திகளை மொத்தமாகக் கட்டித் தருகிற கியூ.டபிள்யூ.கே பொட்டலம் இறக்கி ஆஃப்லைனில் தேட வேண்டியதுதானே என்று எழுத இப்போதே நாலு பேர் கையைத் தூக்குவது தெரிகிறது. 1987லேயே மார்க் ஹெர்ரிங் அதைச் செய்து கொடுத்துவிட்டார், தெரியும், வாழ்க. ஆனால் பொட்டலத்தில் வருவது கடைசியாகப் படித்த குறிக்கு அப்புறம் வந்த செய்திகள்தான். அந்தக் குறி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று மேலே சொன்னேன். சிசாப்பைக் கேளுங்கள், போர்டிலேயே கேளுங்கள் என்பவர்களுக்கு: போன வாரம் கேட்டேன். 'இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது, தேடிப் பாருங்கள்' என்று மூன்று பேர் எழுதினார்கள். மூன்று பேருக்கும் பதில் தெரியுமாம். மூன்றாமவர் யார் என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள், கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

1978 ஜனவரியில் சிகாகோ பனிப்புயலில் வேலையைத் தொடங்கி, பிப்ரவரி 16 அன்று முதல் போர்டைத் திறந்தார்கள் வார்ட் கிறிஸ்டென்சனும் ரேண்டி சூஸும். அப்போது 300 வேகம், ஒரு திரைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டு பேரும் இன்று இல்லை, அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்த வேகத்தில் எவனும் வெறும் 'நானும்' என்பதற்கு முழுத் திரை மேற்கோள் காட்டியிருக்க மாட்டான் என்பது மட்டும் நிச்சயம். காட்டினால் கூட இருக்கிறவர்களே தேடி வந்து உதைத்திருப்பார்கள்.

கேப்சர் கோப்பு பத்திரமாக இருக்கிறது. நாலு லட்சம் எழுத்து. 212 ஜோக்கும் முழுசாக இருக்கின்றன. 'சரியாக வேலை செய்வது இதுதான்:' என்ற வரியும் இருக்கிறது, அந்த முக்கால்புள்ளி உட்பட. அதற்கு அப்புறம் 'தொடரவா?' என், அவ்வளவுதான். காலையில் இதைப் பார்த்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, நல்ல சிரிப்பு இல்லை, வீட்டில் உள்ளவர்கள் வந்து எட்டிப் பார்க்கிற மாதிரியான சிரிப்பு.

அது கூடப் பரவாயில்லை. மோடம் அறுந்த அடுத்த நிமிடம் போன் மறுபடி அடித்தது. எடுத்தால், "யாருங்க பேசறது?" என்று கேட்கிறான். கூப்பிட்டது நீ, என்னைக் கேட்கிறாயே யார் என்று? ராங் நம்பர் என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஒரு நிமிடம் கழித்து மறுபடி மணி. எடுத்தேன். "திரும்பவும் நீங்கதானா?" என்றான், அலுத்துக்கொண்டு.