கை தூக்காத பிள்ளைகள்

"ஒரு நிமிஷம் கையைத் தூக்கி இறக்கினால் என்ன குறைந்துவிடப் போகிறது?"

கொடி வணக்கம், தேசிய கீதம், உறுதிமொழி என்று எங்கே பேச்சு வந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தான், நாட்டின் மேல் உண்மையான பற்று உள்ளவர்கள். அதனாலேயே அவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்லாமல் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே கேள்விக்கு மூன்றே வருட இடைவெளியில் இரண்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இரண்டும் நேர் எதிரானவை. இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு இந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாக யாராலும் கேட்க முடியாது என்பது என் நம்பிக்கை.

பென்சில்வேனியா மாநிலத்தில் மைனர்ஸ்வில் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1935 அக்டோபரில் அங்கே பத்து வயது பில்லி கோபிடாஸ் என்ற பையன் வகுப்பில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தான். ஆசிரியை அவன் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்திருக்கிறார். அவனோ தன் கால்சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மறுநாள் பன்னிரண்டு வயது அக்கா லில்லியனும் மறுத்தாள். அவர்கள் குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தது. நம்மூர்ப் பேருந்து நிலையங்களில் புத்தக அடுக்கை வைத்துக்கொண்டு யாரையும் கூவி அழைக்காமல் நிற்பார்களே, அவர்கள்தான். கடவுளைத் தவிர வேறெதையும் வணங்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. கொடிக்குக் கை நீட்டுவதும் அந்தக் கணக்கில் வரும். அப்போது ஜெர்மனியில் ஹிட்லருக்குக் கை நீட்ட மறுத்த அதே சபையினரை நாஜிகள் சிறையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் சபையினர் இதில் உறுதியாக நிற்க அதுவும் ஒரு காரணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைய அமெரிக்கக் கொடி வணக்கம் இப்போதுபோல நெஞ்சில் கை வைப்பது இல்லை. வலது கையைக் கொடியை நோக்கி நேராக நீட்ட வேண்டும். அந்தக் காலப் புகைப்படங்களைப் பார்த்தால் திக்கென்று இருக்கும். 1942 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அதை மாற்றியது.

பில்லி பள்ளி நிர்வாகத்துக்குத் தன் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினான். அது இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. நாட்டை நேசிக்காததால் நான் மறுக்கவில்லை, நாட்டை நேசிக்கிறேன், கடவுளை அதைவிட அதிகமாக நேசிக்கிறேன் என்பது அதன் சாரம். இதற்கு மேல் ஒரு பத்து வயதுப் பிள்ளை எப்படி மரியாதையாகச் சொல்ல முடியும்? பள்ளி நிர்வாகம் இரண்டு பேரையும் வெளியேற்றியது.

அப்பா மளிகைக் கடைக்காரர். வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார், மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் ஜெயித்தார். பள்ளி நிர்வாகம் விடாமல் உச்ச நீதிமன்றம் போனது. 1940 ஜூன் 3 அன்று தீர்ப்பு வந்தது. பள்ளிக்குச் சாதகமாக எட்டு நீதிபதிகள், பிள்ளைகள் பக்கம் ஹார்லன் ஸ்டோன் என்ற ஒரே ஒருவர்.

அந்த எட்டுப் பேர் தீர்ப்பை எழுதியவர் யார் என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் வலிக்கும் இடம். ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர். வியன்னாவில் பிறந்த யூதர். பன்னிரண்டு வயதில் அமெரிக்காவுக்கு வந்து, பள்ளிக்கூடத்தின் வழியாகவே அமெரிக்கரானவர். குடிமக்கள் உரிமைக்காக 1920ல் தொடங்கப்பட்ட ஏசிஎல்யூ அமைப்பின் தொடக்ககாலத் தூண்களில் ஒருவர். அப்படிப்பட்டவர்தான் தேச ஒற்றுமையே தேசப் பாதுகாப்பின் அடித்தளம் என்று எழுதி இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினார். ஐரோப்பாவில் பிரான்ஸ் விழுந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. பயம் எல்லாரையும் பிடித்திருந்தது. நீதிபதிகளும் மனிதர்கள்தானே.

அவர் தரப்பையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களில் அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த பொருளாதாரச் சீர்திருத்தச் சட்டங்கள் பலவற்றைப் பழைய உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மக்கள் தேர்ந்தெடுத்த சபை போடும் சட்டத்தில் நீதிபதிகள் மூக்கை நுழைக்கக் கூடாது என்று அந்தத் தலைமுறை முற்போக்காளர்கள் அதிலிருந்து பாடம் கற்றார்கள். அந்தப் பாடத்தைத்தான் ஃபிராங்க்ஃபர்ட்டர் இங்கேயும் நீட்டினார். கொடி வணக்க விதி முட்டாள்தனமாகவே இருக்கட்டும், மக்களிடம் பேசி, வாக்குக் கேட்டு மாற்றுங்கள், நீதிமன்றத்துக்கு ஏன் வருகிறீர்கள் என்பது அவர் வாதம். கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மைனர்ஸ்வில்லில் அந்தக் குடும்பத்துக்காக யார் வாக்குப் போட்டிருப்பார்கள்? ஊரே வெறுக்கும் சபை அது. வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறவர்கள், மற்ற சபைகளைப் பொய் மதம் என்று சொல்கிறவர்கள், ராணுவத்தில் சேர மறுக்கிறவர்கள். தேர்தலில் எந்தக் காலத்திலும் ஜெயிக்க முடியாதவர்களுக்கும் கடைசியாகத் தட்ட ஒரு கதவு வேண்டும். நீதிமன்றம் அந்தக் கதவாக இல்லையென்றால் அது எதற்கு?

தீர்ப்பு வந்த பிறகு நடந்ததைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும். ஒரு வாரத்துக்குள் மெய்ன் மாநிலத்துக் கென்னபங்கில் சபையின் கூடத்தைக் கும்பல் கொளுத்தியது. இலினாய் மாநிலத்தில் லிட்ச்ஃபீல்டு என்ற ஊரில் சுமார் அறுபது பேரை ஊரே திரண்டு தாக்கியது. மேற்கு வெர்ஜீனியாவின் ரிச்வுட்டில் சபையினரைப் பிடித்து வைத்து வலுக்கட்டாயமாக விளக்கெண்ணெய் குடிக்க வைத்தார்கள். அதை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் துணை ஷெரிஃப், அதாவது அந்த வட்டாரத்தின் காவல் அதிகாரி. 1940ல் மட்டும் 300க்கும் மேற்பட்ட ஊர்களில் ஏறத்தாழ 1,500 பேர் தாக்கப்பட்டதாக ஏசிஎல்யூ கணக்கெடுத்தது. ஏன் இவர்களை விரட்டுகிறீர்கள் என்று கேட்ட ஒரு பத்திரிகையாளரிடம் தென் மாநில ஷெரிஃப் ஒருவர், இவர்கள் துரோகிகள், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, உங்களுக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். தீர்ப்பில் துரோகி என்ற பேச்சே கிடையாது. ஆனால் மேலிடம் இவர்களைக் கைவிட்டுவிட்டது என்பது ஊருக்குப் புரிந்துவிட்டது. கும்பலுக்கு அது போதும்.

அப்புறம் நடந்தது நீதிமன்ற வரலாற்றிலேயே அபூர்வம். 1942ல் இதே சபையினர் சம்பந்தப்பட்ட வேறொரு வழக்கில், எட்டுப் பேரில் மூன்று நீதிபதிகள், பிளாக், டக்ளஸ், மர்ஃபி, அன்று நாங்கள் தவறாகத் தீர்ப்பளித்துவிட்டோம் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை, அந்த வழக்குக்கு அது தேவையும் இல்லை. பதவியில் இருக்கும்போதே, அதுவும் இரண்டே வருடத்தில், செய்த தவறைப் பொதுவில் சொன்ன அந்த மூவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

அதே வருடம் மேற்கு வெர்ஜீனியா கல்வி வாரியம், பழைய தீர்ப்பின் வாசகங்களையே எடுத்துப் போட்டு, கொடி வணக்கத்தை எல்லா அரசுப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கியது. மறுத்தால் பிள்ளைக்குப் பள்ளி கிடையாது. வெளியேற்றிவிட்டு, வராத நாளுக்கெல்லாம் சட்டவிரோதமாக வராதவர் என்று பதிவும் செய்வார்கள். அதற்காகப் பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. பிள்ளைகளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவோம் என்ற மிரட்டல் வேறு. இதை எதிர்த்து மூன்று குடும்பங்கள் வழக்குப் போட்டன. வழக்கின் பெயரில் நிற்பது மேரி, கேத்தி என்ற இரு சிறுமிகளின் அப்பா வால்டர் பார்னெட். (நீதிமன்ற ஆவணம் கோபிடாஸை கோபிடிஸ் ஆக்கியது, பார்னெட்டின் ஆங்கில எழுத்துகளில் ஒன்றைக் கூட்டியது. இரண்டு குடும்பத்தின் பெயரையும் சரியாக எழுதவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.) மூன்று நீதிபதிகள் கொண்ட கீழ் நீதிமன்றம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எதிரே அப்படியே நிற்கும்போதே, பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்கும் தைரியம் வேண்டும்.

1943 ஜூன் 14. அமெரிக்காவில் அது கொடி நாள். உலகப் போர் உச்சத்தில் இருந்தது. அன்றைக்கு ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே தூக்கி எறிந்தது. எழுதியவர் ராபர்ட் ஜாக்சன். இரண்டு வருடம் கழித்து நியூரம்பெர்கில் நாஜித் தலைவர்கள் மேல் அமெரிக்கா சார்பில் வழக்கு நடத்தியவர் அவரேதான். அரசியலிலோ தேசப்பற்றிலோ மதத்திலோ எது சரியான கருத்து என்று விதிக்க, பெரியவரோ சிறியவரோ எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை, அதைச் சொல்லாலோ செயலாலோ ஒப்புக்கொள்ளும்படி குடிமக்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று எழுதினார். அடிப்படை உரிமைகளை வாக்கெடுப்புக்கு விட முடியாது, அவை எந்தத் தேர்தல் முடிவையும் நம்பி இருப்பவை அல்ல என்றார். ஃபிராங்க்ஃபர்ட்டரின் வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. கருத்தைக் கட்டாயப்படுத்தி ஒன்றாக்கினால் கிடைப்பது சுடுகாட்டு ஒற்றுமைதான் என்றும் அதில் ஒரு வரி உண்டு.

ஜாக்சன் இதை மத உரிமை வழக்காக எழுதவில்லை என்பது பலர் கவனிக்காத விஷயம். பேச்சுரிமை வழக்காக எழுதினார். மதத்துக்காக மறுப்பவருக்கு மட்டும் விலக்கு கொடுத்து, மற்றவர்கள் எல்லாரும் கை தூக்குங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டாயப்படுத்தும் அதிகாரமே அரசுக்குக் கிடையாது என்றார். அதனால் நாத்திகக் குடும்பத்துப் பிள்ளைக்கும், போரை எதிர்ப்பவருக்கும், இன்ன காரணம் என்று எதுவும் சொல்ல விரும்பாதவருக்கும் அது பொருந்தும். பில்லியின் கடவுளை நம்பாத என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் பில்லி நின்றான்.

ஃபிராங்க்ஃபர்ட்டர் மாறவே இல்லை. வரலாற்றிலேயே மிக அதிகமாகத் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையைச் சேர்ந்தவன் நான் என்று தொடங்கி, மனம் நொந்து நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அவர் எழுதியதற்கு ஆயுள் அதிகம் என்பது வருத்தமான உண்மை. 1990ல், பூர்வகுடியினரின் மதச் சடங்கில் பெயோட்டே என்ற கள்ளிச்செடியை உட்கொண்டதற்காக வேலையிழந்த இருவருக்கு உதவித்தொகை மறுக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்கலியா 1940ன் அந்தத் தீர்ப்பிலிருந்தே மேற்கோள் காட்டினார். அந்த இருவரும் தோற்றார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஜாக்சனின் தீர்ப்பு எனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் பயன்படுவதில்லை. 2023ல் கொலராடோவில் இணையதளம் வடிவமைக்கும் ஒருவர், ஒரே பாலினத் திருமணங்களுக்குத் தளம் செய்ய மாட்டேன், செய்யச் சொல்வது கட்டாயப் பேச்சு என்று வாதாடி, ஆறுக்கு மூன்றில் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பிலும் 1943ன் வழக்கு தூணாக நிற்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பள்ளிக்கூடத்தில் அதிகாரத்தின் முன் நிற்கும் சிறுமியும், கடை திறந்து பொதுமக்களுக்கு வியாபாரம் செய்பவரும் ஒரே இடத்தில் இல்லை. விலக்கி வைக்கப்படுவது முதல் வழக்கில் மறுத்தவர். இரண்டாவதில், கதவைத் தட்ட வரக்கூடிய வாடிக்கையாளர். ஆனால் என் எதிராளி பயன்படுத்துகிறார் என்பதற்காக அந்தக் கோட்பாட்டையே விட்டுவிடச் சொன்னால் மாட்டேன். எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று ஒவ்வொரு வழக்காகச் சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தியாவுக்கும் இந்த வழக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1985ல் கேரளத்தில் இதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. அதற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் பிஜோ இம்மானுவேல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி மைனர்ஸ்வில் வழக்கையும் மேற்கு வெர்ஜீனியா வழக்கையும் எடுத்துப் பேசி, நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் அரசியல் சாசனம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று எழுதினார். சுரங்க ஊரில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பையன், ஐம்பது வருடம் கழித்து கோட்டயம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதவியிருக்கிறான்.

சரி, அமெரிக்காவில் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 2017ல் ஹூஸ்டன் பகுதியில் ஒரு மாணவி, வகுப்பில் கொடியைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழியின்போது எழுந்து நிற்காததற்காகப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டாள். அவள் வழக்குப் போட்டபோது டெக்சாஸ் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் அவளை எதிர்த்துக் களம் இறங்கினார். அதே பகுதியில் இன்னொரு மாணவி ஓர் ஆசிரியர் மேல் தொடர்ந்த வழக்கு 2022ல் 90,000 டாலர் கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டது. டெக்சாஸ் சட்டப்படி, உறுதிமொழி சொல்லாமல் இருக்க மாணவர் பெற்றோரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். ஃபுளோரிடாவிலும் இப்படி ஒரு விதி இருக்கிறது. 2008ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பெற்றோரின் உரிமை என்று சொல்லி ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றமும் அதை விசாரணைக்கு எடுக்கவில்லை.

இது தவறு. பள்ளியை விட்டு அனுப்பப்பட்டவள் பிள்ளை, வாயைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்படுபவளும் பிள்ளை. பதினேழு வயதில் ஒரு பெண்ணுக்குத் தன் மனசாட்சி என்ன சொல்கிறது என்று தெரியாதா? அப்பா அம்மா கையெழுத்துப் போட்டால்தான் உனக்கு மனசாட்சி உண்டு என்ற நிபந்தனை 1943ன் தீர்ப்பில் எங்கேயும் இல்லை. அடுத்த முறை இப்படி ஒரு வழக்கு மேலே வரும்போது உச்ச நீதிமன்றம் அதை எடுத்து விசாரித்து, பெற்றோரின் கடிதத்தைக் கேட்கும் சட்டங்களை ரத்து செய்ய வேண்டும்.