மருமகள் உழைத்தால் மகனுக்கு இல்லையாம்

அண்ணை: அவள்தான் மறித்துவிட்டாள், பிள்ளை. வேறு ஒருவரும் இல்லை.

பவளம்: எவள்? எதை?

அண்ணை: என் மருமகள்தான். மகனுக்கு லண்டனில் வேலை போய்விட்டது. அங்கே வேலை போனால் அரசாங்கம் காசு கொடுக்கும் என்று இந்த ஊரில் ஆடு மாட்டுக்கும் தெரியும். இவனும் கேட்டிருக்கிறான். இல்லை என்று விட்டார்கள். ஏனடா என்று கேட்டால், 'அவள் வேலை செய்கிறாளப்பா, அதனால்தான்' என்கிறான். விளங்குகிறதோ? அந்தக் கந்தோரில் அவளுக்கு ஆள் இருக்க வேண்டும்.

பவளம்: அவள் எங்கே வேலை?

அண்ணை: ஆஸ்பத்திரியில். தாதி.

பவளம்: தாதி எப்படி அண்ணை காசை மறிப்பாள்? ஊசி போட்டா?

அண்ணை: பகிடி விடாதே பிள்ளை. நான் நெஞ்சு எரிந்து சொல்கிறேன்.

பவளம்: அவள் ஒன்றும் மறிக்கவில்லை. காலையில் எழும்பி வேலைக்குப் போகிறாள், அதுதான் குற்றம். இவர் கேட்ட காசு தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை, வீட்டுக்குத்தான் கொடுக்கிறார்கள். வீட்டில் ஒருவர் உழைத்தால் மற்றவருக்கும் சேர்த்து உலை கொதிக்கும் என்று நினைக்கிறார்கள்.

அண்ணை: இதென்ன அநியாயம்! அவள் உழைப்பது அவளுடையது. ஒருத்தி சம்பளத்தைக் கொண்டுவந்து இன்னொருவன் கணக்கில் எழுதுவதோ? அவள் அவனுக்குக் கொடுக்கிறாளா, இல்லையா என்று அவர்கள் கண்டார்களா?

பவளம்: இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் அண்ணை.

அண்ணை: ஏன்?

பவளம்: சும்மாதான். நல்ல நியாயமாக இருக்கிறது. ஒருமுறை இன்னும் கேட்க ஆசை.

(அண்ணை உண்மையாகவே இன்னொரு முறை சொன்னார், கையையும் ஆட்டி. தனக்கு நட்டம் வரும்போது நியாயம் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது!)

அண்ணை: சரி, உன் தங்கச்சிக்கு மட்டும் எப்படிக் கொடுத்தார்கள்? அவளுடைய மனிசன் பெற்றோல் செட்டில் வேலை செய்கிறான். அவளுக்குச் சூப்பர்மார்க்கெட் வேலை போனபோது ஆறு மாதம் காசு வந்தது என்று நீதானே சொல்லித் திரிந்தாய்?

பவளம்: அது வேறு காசு. நியூ ஸ்டைல் ஜொப்சீக்கர்ஸ் அலவன்ஸ் என்று பெயர். அவள் சம்பளத்தில் நெடுகிலும் என்.ஐ. பிடித்தார்கள், அதாவது நேஷனல் இன்சூரன்ஸ் காசு. வேலை போனதும் அதன் பேரில் கொடுத்தார்கள். 2025 இல் வாரம் 92 பவுண் சொச்சம், ஆகக் கூடினால் 182 நாள். அதற்கு மனிசன் என்ன உழைக்கிறான் என்று பார்ப்பதில்லை, பாங்கில் என்ன கிடக்கிறது என்றும் பார்ப்பதில்லை. அவள் கட்டினாள், அவளுக்குக் கிடைத்தது.

அண்ணை: அப்படியென்றால் அதையே இவனும் கேட்கலாமே!

பவளம்: உங்கள் மகன் என்ன வேலை செய்தவர்?

அண்ணை: சொந்த வான். வீடு வீடாகப் பார்சல் கொடுப்பது. ஒருவனுக்குக் கீழே நிற்கவில்லை. தானே முதலாளி.

பவளம்: அங்கேதான் முதலாளி விழுந்தார். சொந்தத் தொழிலுக்குக் கட்டுகிற என்.ஐ. இந்தக் காசுக்குச் சேராது. கடைசி இரண்டு மூன்று வரி வருடத்துக்குள் ஒருவரிடம் சம்பளத்துக்கு நின்று கட்டியிருக்க வேண்டும்.

அண்ணை: முதலாளிக்கு இல்லை, தொழிலாளிக்கு உண்டு?

பவளம்: ஓம்.

அண்ணை: இது கம்யூனிசம்.

பவளம்: இது இன்சூரன்ஸ், அண்ணை. உங்கள் மகனுக்கு மிஞ்சியது யூனிவர்சல் கிரெடிட் ஒன்றுதான், வருமானம் குறைந்த வீட்டுக்குக் கொடுக்கிற காசு. அதில்தான் புருஷனையும் பெண்சாதியையும் ஒன்றாக நிறுத்தி இருவர் வருமானத்தையும் கூட்டுவார்கள். 25 வயதுக்கு மேற்பட்ட சோடிக்கு 2025 இல் மாதம் 628 பவுண் என்று வைத்திருந்தார்கள்.

அண்ணை: பொறு, பொறு. 628 என்றால் எங்கள் காசுக்கு இரண்டரை இலட்சம் வரும். (வன்னியில் இருந்து லண்டன் கணக்குப் பார்ப்பவர்கள் பவுணை ரூபாயாக்காமல் அடுத்த மூச்சு விடமாட்டார்கள்.) இரண்டரை இலட்சம் பிள்ளை! சும்மா இருக்க!

பவளம்: முழுவதையும் கேளுங்கள். அதற்குப் பிறகு கழிப்பார்கள். உழைக்கிற ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ். பிள்ளைகள் இருந்தால் கொஞ்சத்தை விட்டுவிட்டுக் கழிப்பார்கள். உங்கள் மகனுக்குப் பிள்ளையும் இல்லை, சொந்த வீடு என்பதால் வாடகையும் இல்லை. மருமகளுக்குக் கைக்கு என்ன வரும்?

அண்ணை: 2,000 வரும்.

பவளம்: 2,000 இற்கு 1,100 கழியும். 628 இல் 1,100 ஐக் கழியுங்கள்.

அண்ணை: (விரல் விட்டு எண்ணுகிறார். முகம் மாறுகிறது.) ஐயோ, 472 பவுண் இவன் திருப்பிக் கட்ட வேண்டுமோ?

பவளம்: கட்டத் தேவையில்லை. பூச்சியம். அவ்வளவுதான்.

அண்ணை: அப்பாடா. பூச்சியம் என்றால் தப்பினான்.

பவளம்: ஓம், நல்ல இலாபம்.

அண்ணை: சரி, ஒரு வழி சொல்கிறேன். தனி அடுப்பு.

பவளம்: என்ன?

அண்ணை: இங்கே விதானையார் வரும்போது நாங்கள் என்ன சொல்வோம்? 'ஒரு வீடுதான் ஐயா, ஆனால் தனி அடுப்பு.' உடனே இரண்டு குடும்பம் ஆகிவிடும். அதைப்போல இவனும் ஒரு காஸ் அடுப்பு வாங்கி மேல்மாடியில் வைத்தால்?

பவளம்: அங்கே அடுப்பைப் பார்ப்பதில்லை. சேர்ந்து வாழ்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள்.

அண்ணை: எழுத்து முடியவில்லை, கல்யாணம் பதியவில்லை என்று சொன்னால்?

பவளம்: எழுத்து முடித்தாலும் முடிக்காவிட்டாலும் புருஷன் பெண்சாதி மாதிரி இருந்தால் ஒரே கணக்குத்தான்.

அண்ணை: வெள்ளைக்காரன் சேர்ந்து இருப்பதைப் பற்றிக் கேட்கமாட்டான் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்!

பவளம்: சும்மா இருந்தால் கேட்கமாட்டான். காசு கேட்டால் கேட்பான். பொய் சொல்லிப் பிடிபட்டால் கொடுத்ததையும் திருப்பி வாங்கி, வழக்கும் வைப்பான்.

அண்ணை: விறகடுப்பு என்றால்?

பவளம்: அண்ணை!

அண்ணை: சரி, சரி. மின்சார அடுப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஆனாலும் பிள்ளை, மனதுக்கு ஒப்பவில்லை. ஆம்பிளைப் பிள்ளை, பெண்சாதியிடம் பஸ் காசுக்குக் கை நீட்டுகிறான். 'பெற்றோல் அடிக்கக் காசு தா' என்று கேட்டானாம். அவள் 'எத்தனை லீற்றர்?' என்று கேட்டாளாம்.

பவளம்: நல்ல கேள்விதானே?

அண்ணை: எத்தனை லீற்றர் என்று கேட்பதோ ஒரு பெண்சாதி?

பவளம்: என்னிடம் எங்கள் மனிசன் 'எத்தனை தேங்காய்?' என்று கேட்கிறார். 23 வருஷமாகக் கேட்கிறார். அதற்கு ஒருவரும் வந்து நெஞ்சு எரியவில்லை.

அண்ணை: அது வேறு.

பவளம்: எப்படி வேறு?

அண்ணை: தேங்காய் வேறு, பெற்றோல் வேறு.

(இதற்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. பவளமும் சொல்லவில்லை.)

அண்ணை: எங்கள் நாடு பரவாயில்லை என்று சொல்ல வேண்டியதுதான். இங்கே வேலை போனால் இந்தக் கரைச்சல் எல்லாம் இல்லை.

பவளம்: இல்லைத்தான். வேலை போனால் கொடுக்க இங்கே ஒன்றுமே இல்லை. பெண்சாதி உழைத்தாலும் இல்லை, உழைக்காவிட்டாலும் இல்லை. ஈ.பி.எஃப்., அந்த ஊழியர் சேமலாப நிதி, இருக்கிறது என்பீர்கள். அது 1958 இல் வந்தது. ஆம்பிளைக்கு 55, பொம்பிளைக்கு 50 வயது வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கும். மேசன் வேலைக்குப் போகிறவருக்கு யார் கட்டினது ஈ.பி.எஃப்.? மார்கழி மழையில் ஒரு மாதம் வேலை இல்லாமல் எங்கள் மனிசன் விறாந்தையில் குந்தியிருந்தால், அரசாங்கம் கொடுப்பது ஆறுதல். அதுவும் தேர்தல் வந்தால்தான்.

அண்ணை: அஸ்வெசும இருக்கிறதே!

பவளம்: ஆ. வாருங்கள். அந்த இடத்துக்கு நீங்களாகவே வந்ததும் நல்லதுதான்.

அண்ணை: நான் ஒன்றும் சொல்லவில்லை.

பவளம்: 2023 இல், ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்த சமுர்த்தி உதவிக்குப் பதிலாக அது வந்தது. பெடியன் ஒருவன் போனோடு வந்து 22 விஷயம் பார்த்து எழுதிக்கொண்டு போனான். கரண்ட் எத்தனை யுனிற், மாடு எத்தனை, காணி எத்தனை, மோட்டார் சைக்கிள் ஓடுமா என்று. ஓடாது என்றேன். உதைத்துப் பார்த்தான். ஓடவில்லை. முதல் பட்டியலில் வறிய குடும்பம் என்று எங்கள் பெயர் வந்தது. மாதம் 8,500.

அண்ணை: நல்லது, நல்லது. நேரம் போகிறது. மாட்டை அவிழ்க்க வேண்டும்.

பவளம்: இருங்கள், மாடு ஓடாது. அந்தப் பட்டியலை ஒட்டி, ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம் என்றும் விட்டார்கள். எங்களைப் பற்றி ஒன்று போயிருந்தது. விசாரணையில் வாசித்துக் காட்டினார்கள். 'மேற்படி பெண்ணின் கணவர் மேசன் தொழில் செய்பவர். நாளொன்றுக்கு 3,500 ரூபாய் சம்பளம். அண்மையில் தொடர்ச்சியாக 20 நாட்கள் வேலை செய்துள்ளார்.' பெயர் போடவில்லை. கையெழுத்து மட்டும் நல்ல வடிவு, முத்து முத்தாக, பழைய பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எழுதுவது மாதிரி.

அண்ணை: ஊரில் பொறாமைக்காரர் கூடிவிட்டார்கள்.

பவளம்: நானும் அதைத்தான் சொன்னேன். அந்த ஐயாவிடம் கேட்டேன், 'அவர் உழைப்பது என் கைக்கு எவ்வளவு வருகிறது என்று இதில் எங்கே எழுதுவது?' என்று. அதற்கு இடம் இல்லையாம். குடும்ப வருமானம் என்று ஒரே கூடுதான். புருஷன் உழைத்தது அப்படியே பெண்சாதியின் மடியில் வந்து விழும் என்று நம்பித்தான் அந்தப் படிவத்தைத் தயாரித்திருக்கிறார்கள். தயாரித்தது ஆம்பிளையாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் ஆளுடைய காசு வருகிற வழியில் ஒரு தவறணை, ஒரு சீட்டுக்காரன், இரண்டு சிநேகிதர். மிச்சம்தான் எனக்கு. பெயர் போய்விட்டது.

அண்ணை: பாவம். இப்படியும் செய்வார்களோ?

பவளம்: 20 நாள் என்று எழுதியிருந்ததைத்தான் யோசித்தேன். எங்கள் மனிசன் 20 நாள் ஒரே இடத்தில் நின்று செய்தது ஒரே ஒரு வேலை. அதை எண்ணி வைத்திருந்தவர் இரண்டே பேர். ஒருத்தி நான்.

அண்ணை: ...

பவளம்: இந்த மதில், அண்ணை. உங்கள் பக்கம் பூச்சு, பெயின்ற், மேலே போத்தல் ஓடு. எங்கள் பக்கம் வெறும் சீமெந்துக் கல். 20 நாள், 3,500, எழுபதாயிரம். நீங்கள் தந்தது 45,000. மிச்சம் 25,000 ஐ நாங்கள் இன்னும் கண்ணால் காணவில்லை. ஆனால் எங்களுக்கு வருமானம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. லண்டன்காரன்கூட மருமகளுடைய கைக்கு வந்த காசைத்தான் கணக்கில் எடுக்கிறான். நீங்கள் உங்கள் மடியில் இருக்கிற காசை எங்கள் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணை: அது... மகன் அனுப்புகிறேன் என்றவன். வேலை போய்விட்டது. நான் என்ன செய்ய?

பவளம்: மருமகள் உழைக்கிறாளே! 2,000 பவுண். எட்டு இலட்சம். கேளுங்கள்.

அண்ணை: சீ, அது அவளுடைய காசு பிள்ளை. அதில் நாங்கள் எப்படிக் கை வைப்பது?

பவளம்: 45,000 யார் அனுப்பியது?

அண்ணை: அதுவும்... அவள்தான்.

பவளம்: அப்படியென்றால் போனை எடுங்கள். நான் கதைக்கிறேன். எத்தனை கல் என்று கேட்பாள், சொல்லத் தெரியும்.