ஹீரோயின் எப்போ மன்னிப்பா என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

ஆன்லைனில் வருகிற ஒரு தொடர்கதை, அதில் எட்டாவது எபி, அதாவது எபிசோட். பிரிந்து 5 வருஷம் கழித்து ஹீரோயின் தன் புருஷனை அப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறாள். கை நடுங்குகிறது, பேச்சு வரவில்லை, அப்படியே திரும்பிப் போய்விடுகிறாள். எபி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, கீழே கருத்துகள் வந்து விழும். "சிஸ், எப்போ சேர்த்து வைப்பீங்க?" "ஹீரோயின் ரொம்ப ஓவரா பண்றா, ஹீரோ பாவம்." "அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்தாவது மன்னிக்கலாம்ல?" "சூப்பர் யூடி (அப்டேட்) டியர், அடுத்த எபில ரொமான்ஸ் வைங்க."

ஏங்க, யாரோ காட்டின ஒரு போட்டோவை நம்பிச் சந்தேகப்பட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு, வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவன் அவன். மூன்றாவது எபியில் அதைப் படித்துவிட்டு "அழுதுட்டேன் சிஸ்" என்று போட்டதும் இதே ஆட்கள்தான். அஞ்சே எபியில் அத்தனையும் மறந்து போச்சா?

பிரிந்தவர்கள் திரும்பச் சேரும் கதையில் கடைசியில் சேருவார்கள் என்பது அட்டைப் படத்திலேயே தெரியும். அதற்காகத்தான் எல்லோரும் எடுத்துப் படிக்கிறோம். ஏன் உடைந்தது, உடைத்தவர் அதைச் சரிசெய்ய என்ன செய்தார், திரும்ப உடையாது என்று எதை வைத்து நம்புவது? கதை மொத்தமும் இதற்குள்தான் இருக்கிறது. கருத்து எழுதுபவர்களோ இதையெல்லாம் விட்டுவிட்டு, அவள் எத்தனை எபிக்குள் இறங்கி வருகிறாள் என்று கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தப்பு செய்தவன் அவன், பரீட்சை எழுதுவது அவள்.

"வெறும் கருத்துதானே, இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்" என்று கேட்கலாம். வெறும் கருத்து இல்லை. தொடர்கதை எழுதுபவர்கள் பலர் முழுக்க எழுதி முடித்துவிட்டுப் போடுவதில்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று எபி, எழுத எழுதப் போடுகிறார்கள். அன்றைக்கு வருகிற கருத்து அடுத்த எபிக்குள் புகுந்துவிடும். "இழுக்கறீங்க சிஸ்" என்று பத்துப் பேர் போட்டால், மெதுவாக மாற வேண்டிய ஒரு ஆள் ஒரே எபியில் மாறியாக வேண்டும். அதற்கு எழுதுபவர் கையில் இருக்கிற ஒரே குறுக்கு வழி லாரி. அவன் பைக் மீது லாரி மோதும், ஐசியூ கண்ணாடி வழியாக அவள் பார்ப்பாள், அழுவாள், அவன் கண் திறப்பான், சேர்ந்தாச்சு. உடனே "செம எமோஷனல் எபி!" என்று மழை. அதே ஆட்கள் கதை முடிந்ததும் வந்து "முடிவு கொஞ்சம் அவசரமா இருந்துச்சு" என்று எழுதுகிறார்கள். அவசரப்படுத்தினது யாரு?

அந்த ஐசியூ காட்சி ஏன் தப்பு என்று கொஞ்சம் நின்று யோசியுங்கள். செத்துப்போய்விடுவானோ என்ற பயத்தில் வருவது மன்னிப்பு இல்லை, பயம். அவன் பிழைத்து எழுந்து வீட்டுக்கு வந்த பத்தாவது நாள் பயம் போய்விடும். அவன் ஆள் மட்டும் அப்படியே இருப்பான். சந்தேகப்பட்டதற்கு அடிபட்டது பரிகாரம் ஆகாது. காலில் கட்டுப் போட்டவன் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டான் என்று எந்த வரியில் இருக்கிறது?

பிரிவு எல்லாம் ஒரே பிரிவு என்று எழுதுவதைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. வேலைக்காக அவன் துபாய் போக, இவள் வர மறுத்து, இரண்டு பேரும் வீம்பில் பேசாமல் இருந்து பிரிந்தது ஒரு வகை. மூன்றாம் ஆள் மூட்டிவிட்டதை நம்பிப் பிரிந்தது இன்னொரு வகை. அவன் வேறு ஒருத்தியிடம் போனது வேறு. கை நீட்டியது, கட்டாயப்படுத்தியது முற்றிலும் வேறு. முதல் வகைக்கு நாலு எபியில் ஒரு ரயில் நிலையச் சந்திப்பு போதும். கடைசி வகைக்கு நாற்பது எபி எழுதினாலும் போதாமல் போகலாம், சேராமலே முடிந்தாலும் அது சரியான முடிவுதான். எல்லாவற்றுக்கும் ஒரே "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்ற பதிலைப் போட்டால் எப்படி?

வள்ளுவர் புலவியை, அதாவது ஊடலை, உப்போடு சேர்த்துச் சொன்னார். "உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்." இந்தக் குறளைக் கொண்டுவந்து ஹீரோயினுக்கு எதிராகப் போடுகிறார்கள், "ஊடல் அளவோட இருக்கணும்" என்று. 1302-ஆம் குறள் பேசுவது ஊடலைப் பற்றி. ஒன்றாக வாழ்கிற, ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் வருகிற செல்லக் கோபம் அது. நடுராத்திரியில் துரத்தப்பட்டவளுக்கு வருவது ஊடல் இல்லை. காயத்தில் போய் உப்பளவு பார்க்காதீர்கள்.

"கண்ணகி மாதிரி பொறுமை வேணும்" என்று ஒரு வரி தவறாமல் வரும். சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மாதவியை விட்டுத் திரும்பி வந்த கோவலன் முதலில் பேசுவது என்ன? மாதவியைச் "சலதி" என்கிறான், வஞ்சகி என்று பழியை அவள் மேல் போடுகிறான், குலம் தந்த பொருள் தொலைந்தது வெட்கமாக இருக்கிறது என்கிறான். கண்ணகிக்குச் செய்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் "சிலம்புள கொண்ம்" என்கிறாள், சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நம் ஆட்கள் அந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இளங்கோ மூடவில்லை. மதுரைக்குப் போன பிறகு, கொலைக்களக் காதையில், கோவலன் வாயால் ஒவ்வொன்றாகச் சொல்ல வைக்கிறார்: வீணர்களோடு சேர்ந்து திரிந்தேன், பெற்றவர்கள் சொல்லைத் தவறினேன், "சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்", சின்ன வயசிலேயே பேரறிவு உள்ள உனக்குக் கொடுமை செய்தேன் என்று. கண்ணகியும் அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள்: "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்." நல்லவர்கள் ஏற்காத காரியத்தைச் செய்தீர் என்று. அந்தக் கண்ணகியையே வாயில்லாப் பூச்சி ஆக்கிவிட்டு, அவளை உதாரணமாகக் காட்டி இன்னொருத்தி வாயை மூடுகிறார்கள்.

மன்னிப்பு கேட்கிற காட்சியை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைக் கதைக்கு உயிர்நாடியே அதுதான். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

"அன்னைக்கு இருந்த கோபத்துல ஏதோ பண்ணிட்டேன். இந்த அஞ்சு வருஷமா நான் மட்டும் சந்தோஷமாவா இருந்தேன்? தினம் தினம் செத்துப் பொழச்சேன். என்னை மன்னிக்க மாட்டியா?"

இதற்கு "கண்ணு கலங்கிடுச்சு" என்று எழுதுகிறார்கள். வரி வரியாகப் பாருங்கள். "கோபத்துல" என்றால் செய்தது கோபம், அவன் இல்லை. "ஏதோ" என்றால் என்ன செய்தோம் என்று பெயர் சொல்லக்கூட மனசில்லை. அடுத்த இரண்டு வரியும் அவன் பட்ட கஷ்டம். கடைசி வரியில் பந்தை அவள் மடியில் போட்டுவிட்டான், இப்போது அவள் மறுத்தால் அவள்தான் கல்நெஞ்சக்காரி. இது மன்னிப்பு கேட்பதே இல்லை.

உருப்படியாக எழுதினால் அதே ஆள் இப்படிப் பேசுவான்: "அந்த போட்டோவை என்கிட்ட காட்டினப்போ உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கல. கதவைச் சாத்தும்போது வெளியில மழைன்னு எனக்குத் தெரியும். மறுநாள் உங்க அப்பா ரெண்டு தடவை போன் பண்ணாரு, பார்த்துட்டே இருந்தேன், எடுக்கல. நீ இப்ப எதுவும் சொல்ல வேண்டாம்." இதில் அழுகை இல்லை, வசனம் இல்லை. செய்தது மட்டும் இருக்கிறது. பதில் சொல்லும் கட்டாயமும் அவளுக்கு இல்லை.

பேச்சோடு முடிந்துவிடவும் கூடாது. கூடத்தில் பத்துப் பேர் முன்னால் அவளை அசிங்கப்படுத்தியவன் மாடி அறையில் தனியாக மன்னிப்பு கேட்டால் கணக்கு நேராகாது. அந்தப் பத்துப் பேரிடமும் போய், அவன் அம்மாவிடமும்தான், "தப்பு என்னோடது" என்று அவன் சொல்ல வேண்டும். முக்கியமாக, அவள் திரும்பி வருவாள் என்ற உறுதி இல்லாமலே சொல்ல வேண்டும். இது கதையில் இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள். அதுதான் கருத்து.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். வெளியே வரும்போது 2 மாதக் கர்ப்பம், பிரிவு 5 வருஷம் என்றால் குழந்தைக்கு இப்போது 4 வயசு 5 மாசம். எல்கேஜியோ யூகேஜியோ படிக்கும். அது எப்படி இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பஞ்சாயத்து பண்ணுகிறது? பல கதைகளில் இந்தக் கணக்கு இடிக்கிறது, நூறு கருத்தில் ஒருவர்கூட இதைக் கேட்பதில்லை. கேட்டால் எழுதுபவர் திருத்திக்கொள்வார், அவ்வளவு சுலபமான விஷயம். அதைவிட, குழந்தையைச் சாக்லேட் கொடுத்துச் சரிக்கட்டி, அதன் மூலமாக அவளை வளைப்பது "க்யூட்" என்று ரசிக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாலு வயசுப் பிள்ளையைத் தூது அனுப்புபவன் இன்னும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசத் துணியவில்லை என்றுதான் அர்த்தம்.

சட்டம் பக்கம் போனால் இன்னும் மோசம். "டைவர்ஸ் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டான், அன்னையோட உறவு முடிஞ்சது" என்று எபியில் வரும், யாரும் கேட்க மாட்டார்கள். கையெழுத்தோடு எதுவும் முடியாது. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போடவே குறைந்தது 1 வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இரண்டு பேரும் திரும்ப கோர்ட்டில் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். தகுந்த வழக்கில் அந்த 6 மாதக் காத்திருப்பைக் கோர்ட் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. தீர்ப்பு வருவதற்குள் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். இந்த வகைக் கதைக்கு அந்த 6 மாதம் எவ்வளவு பெரிய களம்! இரண்டாம் முறை கோர்ட்டுக்கு வரும் நாளில் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதை வைத்தே பத்து எபி எழுதலாம். அதை விட்டுவிட்டு லாரியைத் தேடுகிறார்கள். விவாகரத்து ஆகியிருந்தால் அவர்கள் திரும்பக் கல்யாணம் செய்தாக வேண்டும். ஆகவில்லை என்றால் இன்னும் புருஷன் பொண்டாட்டிதான், கோயிலில் மறுபடி தாலி கட்டுவது மனசுக்காக மட்டும். எது என்று கதைக்கே தெரியாமல் இருப்பதை வாசகர்தான் சுட்டிக்காட்ட வேண்டும்.

அவளை வீட்டை விட்டுத் துரத்தியதும் குடும்ப விஷயம் இல்லை. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது, அந்த வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும். அதே சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. பாலியல் கொடுமை, வார்த்தையால் வதைப்பது, கைச்செலவுக்குப் பணம் தராமல் அலைய விடுவது எல்லாம் அதில் வரும். "ஆன்டி ஹீரோன்னா அப்படித்தான், அவன் பாசத்துல பண்ணிட்டான்" என்று எழுதுகிற கை, அதைப் படிக்கிற பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா?

எதிர்க்கட்சியும் யோக்கியம் இல்லை. "இவனையெல்லாம் மன்னிச்சதே தப்பு" என்று ஒரே வரி எழுதி ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போகிறவர்கள். ஏன் தப்பு? எந்த எபியில் அவன் மாறியிருக்க வேண்டும், எங்கே மாறவில்லை? அதைச் சொல்லாமல் போடுகிற ஒரு ஸ்டார், "சூப்பர் டியர்" மாதிரியே ஒன்றுக்கும் உதவாது. முதல் வரியிலேயே "அந்த போட்டோவை அனுப்பினது அத்தைதான்" என்று போட்டு உடைப்பவர்களையும் இந்த லிஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாலு வரி போதும். எந்தக் காட்சி நெஞ்சில் நின்றது, அதில் யார் என்ன செய்தார்கள் என்று இரண்டு வரி. எங்கே நம்பமுடியவில்லை என்று ஒரு வரி, எபி எண்ணோடு. இடையில் போன 5 வருஷத்தில் அவள் என்னவாக ஆனாள், வேலையில், வாடகை வீட்டில், பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தபோது, அது கதையில் தெரிகிறதா என்று ஒரு வரி. "சைலன்ட் ரீடர்ஸ், கருத்து சொல்லுங்க" என்று எழுதுபவர்கள் கெஞ்சுகிறார்களே, அவர்களுக்கு வேண்டியது இதுதான்.

கடைசியாக எபிலாக், கதை முடிந்த பிறகு ஒட்டுகிற பின்கதை. கதை முடிந்த மறுநாளே "எபிலாக்ல ட்வின்ஸ் வைங்க சிஸ்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவளும் கர்ப்பம், நாத்தனாரும் கர்ப்பம், கொடைக்கானலில் குடும்பமே ஒரு போட்டோ. இதில் எதைப் பார்த்து அவள் பிழைப்பாள் என்று நம்புவது? கேட்க வேண்டிய எபிலாக் வேறு. ரெண்டு வருஷம் கழித்து, யாரோ தெரியாத எண்ணிலிருந்து அவன் போனுக்கு அதே மாதிரி ஒரு போட்டோ வரட்டும். அவன் அதை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய், தோசை திருப்பிக்கொண்டிருக்கிறவளிடம் போனை நீட்டி, "இது யாருன்னு தெரியுதா பாரு" என்று கேட்கட்டும்.