கேட்கிறவர் நீங்கள்தான் தம்பி

ரிவ்யூ போடுகிறேன் என்று ஓசியில் பொருள் கேட்டவருக்குப் பொடிக்கடை அக்கா ஒருவர் வெடுக்கென்று பதில் சொன்ன அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. கமெண்ட்டில் பாதிப் பேர் "அந்தம்மா கொஞ்சம் பணிவாப் பதில் சொல்லியிருக்கலாம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் எரிச்சலாகி இதை எழுதுகிறேன். பணிவாகவா? "ஹாய் சிஸ், ப்ராடக்ட்ஸ் அனுப்புங்க, ரிவ்யூ போடுறேன், அட்ரஸ் கீழே" என்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவர் அனுப்புகிறார். எந்தப் பொடி என்றுகூட இல்லை. தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இதில் பணிவு யாரிடம் இருந்திருக்க வேண்டும்?

ரிவ்யூ போடுகிற தம்பி தங்கைகளே, கேட்கிறவர் நீங்கள். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஏதோ எங்களுக்கு வாழ்வு கொடுக்க வந்ததுபோல எழுதாதீர்கள்.

நாங்கள் காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு போகும். "சாம்பிள்தானே சிஸ்" என்று நீங்கள் கேட்பது அந்த இரண்டரைக் கிலோவை. அதற்குமேல் கேன், மூடியைச் சுற்றி டேப், பப்பிள் ராப், அட்டைப்பெட்டி, அப்புறம் எண்ணெய் என்றாலே முகம் சுளிக்கிற கூரியர்காரர். பெரிய கம்பெனியில் இதற்கென்று தனி பட்ஜெட் இருக்கும். இங்கே பருப்பு காயவைப்பதும் பார்சல் கட்டுவதும் உங்கள் மெசேஜுக்குப் பதில் போடுவதும் ஒரே ஆள்.

"ரிவ்யூ எழுதுறதும் உழைப்புதானே?" உழைப்புதான், யார் இல்லை என்றது? அப்படியானால் இவ்வளவு கட்டணம் என்று முதல் மெசேஜிலேயே சொல்லுங்கள், கட்டுப்படியானால் பார்க்கிறோம். "விளம்பரமே பண்ணாம எப்படி வளருவீங்க?" அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஒழுங்காகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெண் முதலில் சொந்தக் காசில் அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கி, கருப்பட்டி வாசனை தூக்கல் என்று குறையையும் சேர்த்தே எழுதினாள். பிறகு ஒருநாள் கிவ்அவே, அதாவது எங்கள் எண்ணெயைப் பரிசாக வைத்து ஒரு போட்டி, நடத்தலாமா அக்கா என்று கேட்டாள். அவளைப் பின்தொடர்கிறவர்களில் தமிழ்நாட்டு ஆட்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்குப் பரிசு, கூரியர் செலவு யாருடையது, முகவரி யார் வாங்குவது, என்றைக்கு முடியும், எல்லாம் ஒரே மெசேஜில் இருந்தது. யோசிக்காமல் சரி என்றுவிட்டோம்.

இன்னொருவர் நடத்தியதில் ஜெயித்தவர் இருந்தது துபாயில். "அனுப்பிடுங்க சிஸ்." அஞ்சு லிட்டர் எண்ணெயை! தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று ஒரு வரி போட அவருக்குக் கை வலித்திருக்கிறது. கடைசியில் துபாய்க்காரர் எங்கள் பக்கத்தில் 'ஏமாத்துக்காரங்க' என்று எழுதினார், நடத்தினவர் அடுத்த கிவ்அவேக்குப் போய்விட்டார். மாமனார் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒன்றும் பேசவில்லை, அன்றைக்குச் சாயங்காலம் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டார். வாழ்நாள் முழுக்க எண்ணெய் ஆட்டின மனுஷன்.

இதில் 'உங்க டைம்லைன்ல ஷேர் பண்ணினாத்தான் போட்டியில சேரலாம்' என்று வேறு போடுகிறார்கள். அப்படி நடத்தக் கூடாது என்பது ஃபேஸ்புக்கின் சொந்த விதி. பக்கம் முடங்கினால் யாருக்கு நஷ்டம்? ஓசியில் வாங்கின பொருளென்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அதை ஒரு தம்பியிடம் சொன்னதற்கு "விளம்பரம்னு போட்டா ரீச் போயிடும், நிறையப் பேர் பார்க்க மாட்டாங்க சிஸ்" என்றார். சரி, அப்போது படிக்கிறவர்களிடம் பொய் சொல்ல என் எண்ணெய்தான் கிடைத்ததா?

எல்லாரும் அப்படியா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் "ப்ராடக்ட் தந்தா நல்லா எழுதுவேன், இல்லேன்னா கடையில வாங்கி உள்ளபடி எழுதுவேன்" என்று மிரட்டினவரும் உங்கள் கூட்டத்து ஆள்தானே, அவரை நீங்கள் யாராவது கேட்டீர்களா? உள்ளபடியே எழுதட்டும். காசு கொடுத்து வாங்கிவிட்டு எழுதட்டும்.

இப்போதெல்லாம் கொலாப், அதாவது சேர்ந்து பண்ணலாம், என்று யாராவது வந்தால் கோபப்படுவதில்லை. விலைப்பட்டியலை அனுப்பி, முதலில் ஒரு அரை லிட்டர் வாங்கிப் பாருங்கள், பிடித்தால் பேசலாம் என்று எழுதுகிறேன். பதில் வராது, மெசேஜைப் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் காட்டும்.