ஆசாரியர் மட்டுமா? உல்தாளை மறந்துவிட்டீர்களே

பண்டைய இஸ்ரவேலில் நியாயப்பிரமாணம் (கடவுள் தந்ததாக நம்பப்பட்ட சட்டம்) முழுக்க ஆசாரியர்களின், அதாவது ஆலயக் குருமாரின், பிடியில் இருந்தது என்று உங்கள் தொடரின் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்படியானால் எருசலேமில் ஆண்ட யோசியா அரசனின் 18ஆம் ஆட்சியாண்டை, அதாவது ஏறத்தாழ கி.மு. 622ஐ, என்ன செய்வது?

எருசலேம் ஆலயத்தில் பழுதுபார்க்கும் வேலை நடக்கும்போது பிரதான ஆசாரியர் இல்க்கியா நியாயப்பிரமாண நூலைக் கண்டெடுக்கிறார். அரசரின் எழுத்தர் சாப்பான் அதை வாசிக்கக் கேட்டதும் அரசர் உடையைக் கிழித்துக்கொள்கிறார். பிறகு கடவுளிடம் விசாரித்து வரச்சொல்லி அனுப்புகிறாரே, யாரிடம் போகிறார்கள்? உடைக் கிடங்கைக் கவனித்துவந்த சல்லூம் என்பவரின் மனைவி உல்தாள் வீட்டுக்கு! போன ஐவரில் இல்க்கியாவும் ஒருவர். நூலைக் கண்டெடுத்த பிரதான ஆசாரியரே ஒரு பெண் தீர்க்கதரிசியின், அதாவது கடவுளின் வாக்கைச் சொல்பவரின், வாசலில் நிற்கிறார். உல்தாளோ கொஞ்சமும் குழையவில்லை. “உங்களை அனுப்பிய மனிதனிடம் சொல்லுங்கள்” என்றுதான் தொடங்குகிறார். இத்தனைக்கும் புகழ்பெற்ற தீர்க்கதரிசி எரேமியா அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கியிருந்தார்; ஆனாலும் உல்தாளிடம்தான் போனார்கள்.

அந்த நூல் பைபிளின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் ஆரம்ப வடிவம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அதன் 17ஆம் அதிகாரம் அரசனையே கட்டிப்போடுகிறது: குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவியரைப் பெருக்கக் கூடாது, பொன்னும் வெள்ளியும் மிதமிஞ்சிச் சேர்க்கக் கூடாது. இவை மூன்றையும் குவித்த சாலொமோன் அரசனை மனத்தில் வைத்தே எழுதியதுபோல் இருக்கிறது! ஆசாரியர், அரசர், தீர்க்கதரிசி என்ற மூவருக்கும் இடையே நடந்த இழுபறியையும் அடுத்த பகுதியில் எழுதுங்கள்.