ப்ரோ போட்டால் கேம் வேகமாகுமா?

விண்டோஸில் ஹோம், ப்ரோ என்று இரண்டு பதிப்புகள் உண்டு. ‘விண்டோஸ் ஹோமில் கேம் திணறும், ப்ரோவில்தான் எஃப்.பி.எஸ். (நொடிக்குத் திரையில் வரும் காட்சிகளின் எண்ணிக்கை) கூடும், ஹோம் 16 ஜிபிக்கு மேல் ரேம் எடுக்காது’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. வேகம், ரேம் இரண்டைப் பற்றியும் சொல்வது தவறு.

16 ஜிபி கதைக்கு ஒரு வேர் உண்டு. விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தின் 64 பிட் பதிப்புக்கு அந்த வரம்பு இருந்தது நிஜம். ஆனால் விண்டோஸ் 11 ஹோம் 128 ஜிபி வரை ஏற்கும். வீட்டில் கேம் ஆடுபவருக்கு அதுவே தாராளம்.

வேகத்துக்கு வருவோம். டைரக்ட்எக்ஸ் 12, கேம் மோட், ஆட்டோ ஹெச்.டி.ஆர்., டைரக்ட்ஸ்டோரேஜ் என்று கேமுக்கு உதவும் விண்டோஸ் வசதிகள் எல்லாம் இரண்டு பதிப்புகளிலும் ஒன்றேதான். கிராபிக்ஸ் டிரைவரும் ஒன்றே. ப்ரோவில் கூடுதலாகக் கிடைப்பவை ஹைப்பர்-வி (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டுவது), குரூப் பாலிசி (கணினியின் விதிகளை நிர்வாகி வகுப்பது), முழு பிட்லாக்கர் வசதி (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டுவது), வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே நுழையும் வசதி போன்றவை. இவை வேண்டுமென்றால் தாராளமாக ப்ரோ வாங்குங்கள். எஃப்.பி.எஸ்.ஸுக்காக மட்டும் வாங்காதீர்கள். அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

திணறல் இருந்தால் முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே வரை போய்ப் பாருங்கள். நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கக்கூடிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அடுத்து டாஸ்க் மேனேஜரில் ரேமின் வேகத்தைப் பாருங்கள். ரேம் வந்த பெட்டியில் அச்சிட்டிருப்பதைவிடக் குறைவாகக் காட்டினால், பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புப் பகுதி) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ அணைந்திருக்க வாய்ப்பு அதிகம்.